முழு அளவா, காம்பாக்டா: சுடுதளத்துக்கும் வீட்டுக்கும் எந்தக் கைத்துப்பாக்கி?

லைசென்ஸ் கிடைத்துவிட்டது, எந்தக் கம்பெனி என்பதும் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. அதற்கப்புறம் பலரும் தடுமாறி நிற்கும் இடம் ஒன்றுதான்: அதே மாடலில் முழு அளவும் இருக்கிறது, காம்பாக்டும் இருக்கிறது. எதை எடுப்பது? சுடுதளத்தில் இலக்குப் பயிற்சிக்கும் வேண்டும், ராத்திரியில் வீட்டுப் பாதுகாப்புக்கும் வேண்டும். கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டுமே நன்றாகத்தான் இருக்கின்றன.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காம்பாக்ட் வந்ததே மறைத்து எடுத்துச் செல்வதற்காக. சட்டைக்கு வெளியே தெரியக் கூடாது என்பதற்காகத்தான் குழலைக் குறைத்தார்கள், பிடியைக் குறைத்தார்கள். உங்கள் துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்துக்கும் சுடுதளத்துக்கும் நடுவே மட்டும்தான் போய்வரப் போகிறது என்றால் அந்தச் சௌகரியத்தால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. அதற்குக் கொடுக்க வேண்டிய விலையை மட்டும் ஒவ்வொரு தடவை சுடும்போதும் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். ஆனாலும் சிலருக்குக் காம்பாக்ட்தான் சரி. அது யாருக்கு என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

## முதலில் சட்டம்

அளவு என்பது விருப்பம் சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. பல நாடுகளில் குழலின் நீளத்தைச் சட்டமே தீர்மானிக்கிறது. ஆஸ்திரேலியாவில் இலக்குச் சுடுதலுக்காக வாங்கும் செமி-ஆட்டோமேட்டிக் பிஸ்டலுக்கு (ஒரு குண்டு சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது) 2003 முதல் குறைந்தது 120 மி.மீ. குழல் வேண்டும். தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் மேகசினில் 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. தற்காப்பு என்பதை அங்கே லைசென்ஸுக்கான காரணமாகவே ஏற்பதில்லை. க்ளாக் கம்பெனியின் முழு அளவு மாடலான, 114 மி.மீ. குழல் கொண்ட க்ளாக் 17கூட அந்த விதிக்குள் வராததால், அந்தச் சந்தைக்கென்றே குழலை நீட்டி 17ஏ என்று ஒன்றைச் செய்தார்கள். கனடாவில் 105 மி.மீ. அல்லது அதற்குக் குறைவான குழல் தடைசெய்யப்பட்டது. அதனால் 102 மி.மீ. கொண்ட அதன் காம்பாக்ட் மாடலான க்ளாக் 19, அந்த நாட்டுக்காக 106 மி.மீ. ஆனது. 2022 அக்டோபரில் அங்கே கைத்துப்பாக்கி விற்பனையையே நிறுத்திவைத்தார்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் 1997லேயே கைத்துப்பாக்கிகள் ஏறக்குறைய முழுவதுமாகத் தடைசெய்யப்பட்டுவிட்டன. அமெரிக்காவில் கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் 10 தோட்டா வரம்பு உண்டு. அங்கே ‘முழு அளவில் 17 தோட்டா போகும்’ என்கிற வாதமே எழாது.

ஆகவே உங்கள் லைசென்ஸில் என்ன நோக்கம், என்ன காலிபர் (குழலின் உள்விட்டம்), என்ன நீளம் எழுதியிருக்கிறது என்பதைப் படித்துவிட்டு மேலே போங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

என் பட்டியலில் ஆறு விஷயங்கள். பிடி கையில் எப்படி உட்காருகிறது. உதைப்பு எவ்வளவு. குறிபார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி எவ்வளவு. துப்பாக்கியின் நகரும் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுக்க எவ்வளவு பலம் தேவை. வீட்டில் பத்திரமாக வைத்து, வேண்டும்போது மட்டும் எடுக்க முடியுமா. வாங்கிய பிறகு வரும் செலவு என்ன. இந்த ஆறுக்கும் ஒரே எடை கிடையாது. முதல் இரண்டும்தான் நீங்கள் பயிற்சியைத் தொடர்வீர்களா, பாதியில் விடுவீர்களா என்பதையே முடிவுசெய்கின்றன.

முழு அளவு, காம்பாக்ட், அதைவிடச் சின்ன சப்-காம்பாக்ட் என்று மூன்று அளவிலும் ஒரே வடிவமைப்பில் கிடைப்பதால் க்ளாக் 9 எம்.எம். வரிசையை எடுத்துக்கொள்கிறேன். மற்ற கம்பெனிகளிலும் விகிதம் ஏறக்குறைய இதுதான்.

| | முழு அளவு (க்ளாக் 17) | காம்பாக்ட் (க்ளாக் 19) | சப்-காம்பாக்ட் (க்ளாக் 26) |
|---|---|---|---|
| குழல் நீளம் | 114 மி.மீ. | 102 மி.மீ. | 87 மி.மீ. |
| மேகசினோடு உயரம் | சுமார் 139 மி.மீ. | சுமார் 128 மி.மீ. | சுமார் 106 மி.மீ. |
| மேகசின் இல்லாமல் எடை | சுமார் 630 கிராம் | சுமார் 600 கிராம் | சுமார் 550 கிராம் |
| சைட் இடைவெளி | சுமார் 165 மி.மீ. | சுமார் 153 மி.மீ. | சுமார் 137 மி.மீ. |
| வழக்கமான மேகசின் | 17 | 15 | 10 |
| சுண்டுவிரலுக்கு இடம் | தாராளம் | பெரிய கைக்கு விளிம்பில் | பெரும்பாலும் இல்லை |

அட்டவணையைப் பார்த்தால் முதல் இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசமே இல்லை என்று தோன்றும். எண்ணில் அப்படித்தான். கையில் எடுத்துச் சுடும்போதுதான் வேறுபாடு தெரியும்.

## பிடிதான் முக்கால்வாசி விஷயம்

‘என் கை சின்னது, அதனால் காம்பாக்ட்தான் பொருந்தும்’ என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். இதைத்தான் முதலில் திருத்த வேண்டும். க்ளாக் 17, 19 இரண்டுக்கும் பிடியின் சுற்றளவு ஒன்றுதான். பிடியின் முதுகிலிருந்து ட்ரிகர் வரை உள்ள தூரமும் ஒன்றுதான். குறைந்திருப்பது பிடியின் நீளம் மட்டும். சின்னக் கைக்காரருக்குச் சிக்கல் நீளத்தில் வருவதில்லை, சுற்றளவிலும் ட்ரிகருக்கு விரல் எட்டுவதிலும்தான் வருகிறது. அதற்குத் தீர்வு, பிடியின் முதுகுப் பட்டையை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள மாடல், அல்லது மேகசினில் தோட்டாக்கள் ஒற்றை வரிசையாக நிற்கும் ஒல்லியான பிடி. அளவைக் குறைப்பதால் அது தீராது.

பெரிய கைக்குக் குட்டைப் பிடி உண்மையிலேயே தொந்தரவு. சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும். மேகசினை வேகமாக உள்ளே அடித்து ஏற்றும்போது, பிடியின் அடி விளிம்புக்கும் மேகசின் தட்டுக்கும் நடுவே உள்ளங்கைச் சதை மாட்டிக்கொண்டு சுருக்கென்று கிள்ளும். பிடியில் இடம் போதாமல் கையை மேலே நெருக்கிப் பிடிப்பதால், ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையமான ட்ரிகர் கார்டுக்கு அடியில் நடுவிரல் முட்டி உரசி உரசிச் சிவந்துபோகும். பாதிப் பிடி உடைந்த கத்தியால் காய் நறுக்குகிற மாதிரிதான்: வேலை நடக்கும், கை மட்டும் எப்போதும் இறுகியே இருக்கும். கை இறுகினால் ட்ரிகர் விரலும் இறுகும். வலது கைக்காரர் சுட்ட குண்டு இலக்கில் இடது பக்கம் கீழே இறங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

## முழு அளவு

இலக்குப் பயிற்சிக்கு இது பொருந்தும் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் பெரும்பாலானவர்கள் சொல்லும் காரணம் பாதிதான் சரி. ‘குழல் நீளம், அதனால் துல்லியம்’ என்பார்கள். குழலின் துல்லியம் 12 மி.மீ. குறைந்ததால் கெடாது. நீளம் உதவுவது சைட் இடைவெளியில்தான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன் சைட் அரை மி.மீ. விலகி நிற்கும்போது சுட்டால், 25 மீட்டர் தூரத்தில் குண்டு விலகும் அளவு முழு அளவில் சுமார் 76 மி.மீ., காம்பாக்டில் 82 மி.மீ., சப்-காம்பாக்டில் 91 மி.மீ. சர்வதேசப் போட்டிகளின் 25 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 50 மி.மீ.தான். அந்த அளவில் சுடுபவருக்கு 6 மி.மீ.யும் பெரிது. பத்து மீட்டரில் பழகுகிறவருக்கு அந்த வித்தியாசம் 3 மி.மீ.கூட இல்லை.

முழு அளவின் உண்மையான பலம், நிறையச் சுட்டாலும் கை சலிக்காதது. ஒரே தோட்டாவைச் சுடும்போது உதைப்பின் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்கு நேர்மாறாக மாறும்: எடை பாதியானால் உதைப்பு இரட்டிப்பு. இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாலிமர், அதாவது பிளாஸ்டிக், சட்டகம் கொண்ட முழு அளவுக்கும் காம்பாக்டுக்கும் எடையில் சுமார் 30 கிராம்தான் வித்தியாசம். உலோகச் சட்டகம் கொண்ட சிஇசட் 75 அல்லது பெரெட்டா 92 என்றால் ஒரு கிலோவை நெருங்கும். 600 கிராம் துப்பாக்கியில் வரும் உதைப்பு ஆற்றல் அதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். எனவே உங்கள் குறி சுடுதளம் மட்டும் என்றால், பாலிமர் முழு அளவோடு நிறுத்தாமல் உலோகச் சட்டகத்தையும் ஒரு தடவை சுட்டுப் பாருங்கள். நான் யாருக்காவது தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தால் அதிலிருந்துதான் தொடங்குவேன்.

போட்டியில் இறங்கும் எண்ணம் இருந்தால் இன்னொரு தகவல். ஒலிம்பிக்கில் உள்ள 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகள் .22 காலிபரில் நடக்கின்றன. ட்ரிகரை இழுக்கத் தேவைப்படும் எடை குறைந்தது ஒரு கிலோ, துப்பாக்கி எடை அதிகபட்சம் 1,400 கிராம், குழல் 153 மி.மீ.க்கு மேல் கூடாது. அந்தப் பாதைக்கு இந்த இரண்டு 9 எம்.எம். அளவுகளுமே வேண்டாம், தனி .22 இலக்குப் பிஸ்டல்தான் வேண்டும். நகர்ந்து நகர்ந்து சுடும் ஐ.பி.எஸ்.சி. வகைப் போட்டிகள் என்றால் முழு அளவு இயல்பாகப் பொருந்தும். தற்காப்புச் சூழலை ஒட்டி நடத்தும் ஐ.டி.பி.ஏ. போட்டிகளில் காம்பாக்டுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது.

வீட்டுக்கு எப்படி? இடுப்பில் செருக வேண்டியதில்லை, ஆகவே நீளம் ஒரு தடையில்லை. ஸ்லைடு நீளமாக இருப்பதால் பிடித்து இழுக்க இடம் அதிகம், ஸ்பிரிங்கும் பொதுவாக மென்மை. குறை என்று சொன்னால், விளக்கும் மாட்டிவிட்டால் சின்னப் பெட்டகத்துக்குள் போகாது.

## காம்பாக்ட்

காம்பாக்டைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அமெரிக்க ராணுவம் 2017 ஜனவரியில் சிக் சாவர் பி320ஐத் தேர்ந்தெடுத்தபோது எம்17 என்ற முழு அளவும் எம்18 என்ற காம்பாக்டும் சேர்ந்தே வந்தன. அந்நாட்டு மரீன் படை எல்லாருக்கும் எம்18ஐயே எடுத்துக்கொண்டது. ஆகவே ‘காம்பாக்ட் அரைகுறை’ என்ற பேச்சில் பொருளில்லை.

காம்பாக்டில் குண்டின் வேகம் கொஞ்சம் குறையும். 9 எம்.எம்.மில் 114-லிருந்து 102 மி.மீ. ஆவதால் வரும் இழப்பு நடைமுறையில் பொருட்படுத்த வேண்டியதில்லை. 80 மி.மீ. பக்கம் போகும்போது கதை மாறும். முனை குழிந்து, பட்டதும் விரியும்படி செய்த ஹாலோ பாயிண்ட் குண்டுகளில் சில அந்த வேகத்தில் சரியாக விரியாது. அதற்காகவே குட்டைக் குழலுக்கென்று தனித் தோட்டாக்கள் விற்கிறார்கள்.

நீங்கள் காம்பாக்ட் எடுக்க வேண்டிய சூழ்நிலைகள் இவை. பின்னால் எடுத்துச்செல்லும் அனுமதி வாங்கும் எண்ணம் உண்மையிலேயே இருந்து, லைசென்ஸில் ஒரு துப்பாக்கிக்கு மட்டும்தான் இடம் என்றால் காம்பாக்ட். பெட்டகம் வைக்கச் சின்ன இடம்தான் இருக்கிறது என்றால் காம்பாக்ட். இரண்டையும் சுட்டுப் பார்த்துவிட்டீர்கள், காம்பாக்டின் பிடியில் நான்கு விரலும் முழுசாக உட்காருகின்றன, இலக்கில் ஒரு வித்தியாசமும் இல்லை என்றாலும் தயங்காமல் எடுக்கலாம்.

நடுவழியும் உண்டு. 2018ல் வந்த க்ளாக் 19எக்ஸ், முழு அளவுப் பிடியின் மேல் காம்பாக்ட் ஸ்லைடைப் பொருத்தியது. அதைத் தொடர்ந்து க்ளாக் 45 அதே பாணியில் வந்தது. சுடுபவருக்குத் தேவை பிடியின் நீளம்தான், குழல் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்பதைத் தயாரிப்பாளர்களே ஒப்புக்கொண்டதாக இதை நான் எடுத்துக்கொள்கிறேன். பெட்டகத்துக்குள் உயரம்தான் பிரச்சினை என்றால் மட்டும் இது உதவாது.

சப்-காம்பாக்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வீடும் சுடுதளமும்தான் உங்கள் தேவை என்றால் அதை வாங்க வேண்டாம்.

## பில்லில் வராத செலவுகள்

தோட்டா. நீண்ட காலத்தில் துப்பாக்கியின் விலையைவிடத் தோட்டாவுக்கே அதிகம் போகும். உதைப்பு வலிக்கிற துப்பாக்கி இந்தச் செலவைக் குறைத்துவிடும், ஏனென்றால் நீங்கள் பயிற்சிக்குப் போவதையே நிறுத்திவிடுவீர்கள். அதைச் சேமிப்பு என்று சொல்ல முடியாது. தற்காப்புக்கென்று வைக்கும் ஹாலோ பாயிண்ட் தோட்டா பயிற்சித் தோட்டாவைவிட விலை கூடுதல். அதையும் ஓரிரு பெட்டியாவது உங்கள் துப்பாக்கியிலேயே சுட்டு, சிக்காமல் ஏறுகிறதா என்று பார்த்தே தீர வேண்டும்.

ஸ்பிரிங். ஸ்லைடு குட்டையாகும்போது அது பின்னால் போய்த் திரும்ப இடம் குறைவு, அதனால் ஸ்பிரிங் கடினமாக இருக்கும், சீக்கிரம் தேயவும் செய்யும். நிறையச் சுடுபவர் காம்பாக்டில் அதை அடிக்கடி மாற்ற வேண்டிவரும். மணிக்கட்டைத் தளரவிட்டுச் சுட்டால் சுட்ட தோட்டாவின் கூடு முழுசாக வெளியேறாமல் சிக்கிக்கொள்ளும் தொல்லையும் இலேசான, சின்னத் துப்பாக்கிகளில்தான் அதிகம்.

மேகசின். க்ளாக் 17இன் மேகசின் 19இலும் 26இலும் போகும், அடியில் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும். 19இன் மேகசின் 17இல் போகாது. பின்னால் இரண்டாவது துப்பாக்கி வாங்கும் எண்ணம் இருந்தால் இது கணக்கில் வரும்.

ரெட் டாட். ஸ்லைடின் மேல் மாட்டும், சின்னக் கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் சைட் இது. இதைப் பொருத்திவிட்டால் சைட் இடைவெளி என்ற வாதமே இல்லாமல் போய்விடும். புள்ளியை இலக்கில் வைத்தால் போதும், குழல் எந்த நீளமாக இருந்தாலும் சரி. நாற்பதைத் தாண்டி முன் சைட் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தவர்களுக்கு இது பெரிய விடுதலை, ஏனென்றால் கண் இலக்கின் மேலேயே நிற்கலாம். ஆனால் சில சமயம் அதன் விலை துப்பாக்கி விலையில் பாதியை நெருங்கும். ஸ்லைடில் அதற்கான வெட்டு இருக்க வேண்டும், பேட்டரியை நினைவாக மாற்ற வேண்டும், துப்பாக்கியை உயர்த்தியதும் புள்ளி கண்ணில் படப் பழக வேண்டும்.

காது. 9 எம்.எம். சத்தம் 160 டெசிபலை ஒட்டி வரும். 140க்கு மேலான திடீர்ச் சத்தமே காதுக்குக் கேடு. மூடிய அறைக்குள் இன்னும் மோசம். குழல் குறையக் குறையச் சத்தமும் தீப்பிழம்பும் கூடும். இருட்டறையில் அந்தப் பிழம்பு ஒரு கணம் கண்ணைக் கூசவைக்கும்.

.22. சில மாடல்களுக்கு .22 மாற்று ஸ்லைடு கிடைக்கிறது. இல்லையென்றால் ருகர் மார்க் IV போன்ற தனி .22 பிஸ்டல். உதைப்பு அறவே குறைவு, தோட்டாவும் மலிவு. புதிதாகப் பழகுகிறவர் 9 எம்.எம்.மில் எந்த அளவு என்று குழம்புவதை விட, லைசென்ஸ் அனுமதித்தால், .22இல் சில மாதங்கள் பழகிவிட்டு அப்புறம் முடிவெடுப்பது நல்லது என்பேன்.

## வீடு என்று வரும்போது

இங்கே அளவு கடைசி விஷயம். வீட்டுக்குள் தூரம் சில மீட்டர்தான், எந்த அளவிலும் இலக்கு எட்டும். கவலைப்பட வேண்டியது வேறு. தவறிய குண்டு ஜிப்சம் பலகைத் தடுப்புச் சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகும், அங்கே படுத்திருப்பது உங்கள் பிள்ளையாக இருக்கலாம். இருட்டில் நிற்பது யார் என்று தெரியாமல் விரல் ட்ரிகருக்குப் போகவே கூடாது. துப்பாக்கியில் மாட்டிய விளக்கை மட்டும் நம்பினால், யார் என்று பார்ப்பதற்கே துப்பாக்கியை அவர்மேல் நீட்ட வேண்டிவரும். ஆகவே கையில் தனி டார்ச் ஒன்று அவசியம். குடும்பத்தோடு ஓர் அறைக்குள் இருந்துகொண்டு, கதவைப் பூட்டி, போலீசைக் கூப்பிடுவதுதான் முதல் திட்டமாக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நடத்தி 1993ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான ஆய்வு, துப்பாக்கி இருக்கும் வீட்டில் கொலை நடக்கும் அபாயம் சுமார் 2.7 மடங்கு என்று காட்டியது. பெரும்பாலும் கொன்றவர் குடும்பத்தவரோ நெருங்கிய பழக்கமுள்ளவரோதான். அந்த ஆய்வின் முறையைப் பற்றி விவாதங்கள் உண்டு. ஆனால் வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருந்தாலோ, கோபமும் குடியும் கலந்த சூழல் இருந்தாலோ, முழு அளவா காம்பாக்டா என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டுத் துப்பாக்கியைச் சுடுதளத்தின் பாதுகாப்பறையிலேயே வைக்க முடியுமா என்று விசாரியுங்கள்.

ஸ்லைடு விஷயத்தையும் இங்கேதான் சேர்க்க வேண்டும். வீட்டில் அதைப் பயன்படுத்தக்கூடியவர் நீங்கள் மட்டும்தானா? லைசென்ஸும் பயிற்சியும் உள்ள துணைவருக்கோ வயதான பெற்றோருக்கோ மூட்டுவலி இருந்தால், காம்பாக்டின் கடினமான ஸ்பிரிங் இழுபடாமல் போகலாம். சின்னது சுலபம் என்ற எண்ணம் இங்கே தலைகீழாகிவிடும். விதிவிலக்கு உண்டு: ஸ்மித் அண்ட் வெஸன் 2018ல் கொண்டுவந்த ஷீல்ட் ஈசி போன்ற மாடல்களை, சுலபமாக இழுக்கவென்றே வடிவமைத்தார்கள்.

## வாங்கும் முன் சுட்டுப் பாருங்கள்

சுடுதளத்தில் இரண்டு அளவையும் வாடகைக்கு எடுக்க முடிந்தால் இப்படிச் செய்யுங்கள். பத்து மீட்டரில் நிதானமாக ஐந்து குண்டு. இதில் இரண்டும் ஒன்றுபோலத்தான் வரும், அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். அடுத்து இரண்டிரண்டாக, கொஞ்சம் வேகமாக. இரண்டாவது குண்டு எங்கே போகிறது, ஒவ்வொரு ஜோடிக்கும் பிறகு பிடியைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். கடைசியாக, கை அலுத்த பிறகு இன்னொரு ஐந்து. அலுத்த கையிலும் குண்டுகள் நெருக்கமாக விழுவது எந்தத் துப்பாக்கியில் என்பதுதான் உங்களுக்கான பதில். பெரும்பாலானவர்களுக்கு அது முழு அளவாகவே இருக்கும். உங்களுக்குக் காம்பாக்டாக இருந்தால் மேலே நான் சொன்னதை விட்டுவிட்டு இலக்குத் தாளை நம்புங்கள். காலித் துப்பாக்கியில் ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பூட்டுவதைப் பத்துத் தடவை செய்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

பெட்டகத்தைத் துப்பாக்கிக்கு முன்பே வாங்கிவிடாதீர்கள். விளக்கு, ரெட் டாட் எல்லாம் மாட்டிய பிறகு நீளம், உயரம், தடிமன் மூன்றையும் அளந்து, பெட்டகத்தின் வெளி அளவை விட்டு உள் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.